மூக்கில் நின்ற கரியும் உள்ளே போன புகையும்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பஸ் போகும் ரோட்டோரம் வீடு. பத்துக்குப் பத்து படுக்கையறை. கொசுத் தொல்லை தாங்காமல் ராத்திரி முழுக்கக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கணவன், மனைவி, நான்கு வயதுக் குழந்தை மூவரும் தூங்குகிறார்கள். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. "மூக்கே வடிகட்டிவிடுகிறது என்றால் நுரையீரலுக்கு ஒன்றும் போவதில்லை என்றுதானே அர்த்தம்? கொஞ்சம் போனாலும் வெல்லம் சாப்பிட்டால் வந்துவிடும் என்று மாமியார் சொல்கிறார், சரியா?" இதுதான் கேட்டிருப்பது. மூக்கில் நிற்பதை வைத்து உள்ளே போவதைக் கணக்கிட முடியுமா என்பதுதான் இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி. முடியாது. நுரையீரல் மருத்துவத்தில் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். இதே நம்பிக்கையோடு வரும் குடும்பங்களை வாராவாரம் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அளவில்தான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். வீடு பெருக்கும்போது வெயில் கீற்றில் மினுங்கும் தூசி பத்து, இருபது மைக்ரானும் அதற்கு மேலும் இருக்கும். சுருளின் புகையில் இருப்பவை பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. இந்த இரண்டும் ஒரே காற்றில் மிதந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அசையாத காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 10 மைக்ரான் துகள் தரைக்கு வர எட்டு நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்குக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆகும். அதாவது ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிய புகைத்துகள் விடியும்போதும் உங்கள் கட்டிலுக்கு மேலேயே நின்றுகொண்டிருக்கும்.

இப்போது அந்தத் துகள் மூக்குக்குள் வருகிறது. நாசித் துவாரத்தில் இருக்கும் முடிதான் வடிகட்டி என்று நாம் நினைப்போம். அதன் பங்கு சின்னது. உண்மையான வேலையைச் செய்வது மூக்கின் வளைவு. காற்று மேல்நோக்கி நுழைந்து, ஒரு குறுகலான இடத்தைத் தாண்டி, சட்டென்று திரும்பி, பக்கத்துக்கு மூன்றாக இருக்கும் எலும்பு மடிப்புகளுக்கு நடுவே சந்துசந்தாகப் போகவேண்டியிருக்கிறது. வேகமாகப் போகும் பஸ் திருப்பத்தில் திரும்பும்போது நிற்பவர்கள் ஒரு பக்கம் சாய்வார்களே, அதேபோல கனமான துகளால் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாது. நேரே போய் ஈரமான சுவரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. ஓய்வாக மூக்கால் மூச்சு விடும்போது 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். வாயால் மூச்சு விட்டால் இந்த வளைவுகள் எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டுத் துகள் தொண்டைக்குப் போய்விடுகிறது. மூக்கடைப்போடு வாயைத் திறந்து தூங்கும் குழந்தைகள் விஷயத்தில் இது முக்கியம்.

ஆக, காலையில் நீங்கள் பார்க்கும் கறுப்பு, மோதி ஒட்டிய பெரிய துகள்களும் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்ட கரியும்தான். அதிலும் ஒரு பங்கு ரோட்டில் போகும் வண்டிகளின் டீசல் கரியாகத்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் சுருளின் புகை அவ்வளவு கறுப்பு கிடையாது. நீங்கள் எந்தப் புகையைப் பற்றிக் கவலைப்பட்டீர்களோ அதில் பெரும்பகுதி மூக்கில் தடமே வைக்காமல் உள்ளே போயிருக்கும்.

உள்ளே என்றால் எவ்வளவு உள்ளே? மூச்சுக்குழல் சுமார் பதினோரு சென்டிமீட்டர் நீளம். அங்கே இரண்டாகப் பிரிகிறது, அப்புறம் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக, இப்படியே போகிறது. எவால்ட் வைபெல் என்ற சுவிட்சர்லாந்து உடற்கூறியலாளர் இந்தக் கிளைகளை அளந்து 1963-ல் ஒரு மாதிரியை வெளியிட்டார். அதன்படி மொத்தம் 23 முறை பிரிகிறது. முதல் 16 பிரிவுகள் வெறும் வழி. காற்றைக் கொண்டுபோவதைத் தவிர வேறு வேலை இல்லை. 17-வதிலிருந்துதான் ஆக்சிஜன் ரத்தத்துக்கு மாறுகிற இடம். கடைசியில் இருக்கும் காற்று நுண்ணறைகள் கோடிக்கணக்கானவை; முப்பது கோடி என்று அவர் கணக்கிட்டார், பின்னாளில் எண்ணியவர்கள் ஐம்பது கோடிக்குப் பக்கத்தில் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்.

கிளைகள் சின்னதாகிக்கொண்டே போவதால் காற்று வேகமெடுக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு கிளையும் சின்னதுதான், ஆனால் எண்ணிக்கை பெருகுவதால் மொத்தப் பரப்பு பிரம்மாண்டமாக விரிகிறது. மலையிலிருந்து சீறி வந்த ஆறு டெல்டாவில் நூறு வாய்க்கால்களாகப் பிரிந்து அசையாமல் நிற்கிற மாதிரி காற்றும் அங்கே கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. வண்டல் எங்கே படியும் என்று விவசாயிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. மேல் கிளைகளில், காற்று வேகமாகத் திரும்பும் முனைகளில், துகள் மோதி ஒட்டுகிறது. கீழே வேகம் குறைந்த இடத்தில், ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் வரையுள்ளவை தம் எடையால் மெல்ல இறங்கிப் படிகின்றன.

இதை நான் தினமும் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறேன். ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுக்கும் இன்ஹேலர் மருந்து வேண்டுமென்றே ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரானுக்குள் இருக்கும்படி செய்யப்படுகிறது. அழுத்தி அடிக்கும் பம்ப் வகையில் மெதுவாக இழுங்கள், பிறகு பத்து வினாடி மூச்சைப் பிடியுங்கள் என்று சொல்வது ஏன்? வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி வீணாகும். மூச்சைப் பிடித்தால் துகள் இறங்கிப் படிய அவகாசம் கிடைக்கும். மருந்துக்கு எது வழியோ, புகைக்கும் அதுவே வழி. ஆழ்ந்து தூங்குபவர் மெதுவாக, சீராக, மூச்சுக்கு மூச்சு சின்ன இடைவெளி விட்டு சுவாசிக்கிறார். இன்ஹேலரை எப்படி இழுக்கவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கிறேனோ, கிட்டத்தட்ட அப்படித்தான்.

அரை மைக்ரானுக்குக் கீழே போனால் எடையும் பெரிதாக உதவாது. அந்தத் துகள்களைக் காற்றின் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளாடித் தள்ளாடிப் போய்ச் சுவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சின்னதோ அவ்வளவு தள்ளாட்டம். இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. 0.3 முதல் 0.5 மைக்ரான் வரையுள்ளவை மோதவும் முடியாமல், இறங்கவும் முடியாமல், போதுமான அளவு தள்ளாடவும் முடியாமல், பெரும்பகுதி மூச்சோடு வெளியே திரும்பி வந்துவிடுகின்றன. உள்ளே தங்குவது பத்தில் ஒன்றோ இரண்டோதான். அதைவிடப் பல மடங்கு சின்னவை, 0.02 மைக்ரான் அளவில் உள்ளவை, பாதிக்குப் பாதி நுண்ணறைகளிலேயே படிந்துவிடுகின்றன. என்-95 முகக்கவசத்தையும் காற்றைச் சுத்தம் செய்யும் கருவிகளில் இருக்கும் ஹெப்பா வடிகட்டியையும் 0.3 மைக்ரானை ஒட்டிய துகளை வைத்துச் சோதிப்பதற்கும் இதே இயற்பியல்தான் காரணம். பிடிபட மிகக் கஷ்டமான அளவு அது.

உள்ளே போகும் தூசி நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது என்பதை முதலில் கண்ணால் காட்டியவர் ஜான் டிண்டல் என்ற இயற்பியலாளர். 1870-ல் லண்டனில், இருட்டறையில் பாய்ச்சிய ஒளிக்கற்றையின் குறுக்கே மூச்சை விட்டுப் பார்த்தார். அறைக் காற்றில் ஒளிக்கற்றை தூசியால் பளிச்சென்று தெரிந்தது. மூச்சை விட்டு முடிக்கிற கட்டத்தில், ஆழத்திலிருந்து வந்த கடைசிக் காற்று குறுக்கிட்ட இடத்தில், கற்றை நடுவே கன்னங்கரேல் என்று ஓட்டை விழுந்தது. அதாவது அந்தக் காற்று தன் தூசியை நுரையீரலுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தது. அவர் பார்த்தது கண்ணுக்குத் தெரியும் தூசியை மட்டும்தான். நான் மேலே சொன்ன 0.3 மைக்ரான் விஷயம் எண்ணும் கருவிகள் வந்தபிறகு தெளிவானது. இருந்தாலும் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் கண்டுபிடித்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உள்ளே போகும் காற்று மூச்சுக்குழலைத் தாண்டுவதற்குள் உடல் வெப்பத்துக்கு வந்து, முழு ஈரமாகிவிடும். உப்பு போன்று ஈரம் உறிஞ்சும் துகள்கள் போகிற வழியிலேயே ஊதிப் பெரிதாகி, வேறு இடத்தில் படியும். சிகரெட்டின் நுனியிலிருந்து எழும் புகை நீலமாகவும், அதே ஆள் ஊதிவிடும் புகை வெளுப்பாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போய் வருவதற்குள் துகள்கள் பெருத்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். அதனால், அறையில் அளந்த அளவை அப்படியே நுரையீரலில் பொருத்திவிட முடியாது.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். பத்தடி நீளம், அகலம், உயரம் என்றால் சுமார் 28,000 லிட்டர் காற்று. தூங்கும் பெரியவர் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வைத்து ஏழு மணி நேரத்தில் 2500 லிட்டர் சுவாசிக்கிறார். அறையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு ஒருவர் நுரையீரல் வழியாகப் போய் வருகிறது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்து அளந்தார்கள். ஒரு சுருள் வெளிவிடும் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று வந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஒரு சுருள் நூறு சிகரெட்' இதிலிருந்து வந்ததுதான். ஆனால் அது அறைக்குள் விடப்படும் அளவு. நூறு சிகரெட் பிடித்ததற்குச் சமம் என்று யாராவது சொன்னால் அது தவறு. புகைப்பவர் நேரடியாக இழுக்கிறார். நீங்கள் அறையில் கலந்ததில் ஒரு பங்கை இழுக்கிறீர்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை ஜன்னல்தான் முடிவு செய்கிறது, நீங்களோ அதைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள். மின்விசிறி புகையைக் கலக்கும், வெளியேற்றாது. ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் அறைக் காற்றையேதான் சுற்றவிடும்; அதன் சல்லடையில் பெருந்தூசி மட்டும்தான் நிற்கும்.

படிந்தது திரும்பி வருமா என்பது அடுத்த பகுதி. வழியாக இருக்கும் கிளைகளில் படிந்ததென்றால் பெரும்பாலும் வரும். அந்தச் சுவர்களில் மெல்லிய சளிப்படலமும், அதற்குக் கீழே வினாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அடிக்கும் நுண்மயிர்களும் இருக்கின்றன. மருத்துவத்தில் சிலியா என்போம். ராத்திரி பகலாக அவை சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மூச்சுக்குழலில் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகம். தொண்டைக்கு வந்ததை நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுகிறோம். ஆரோக்கியமான ஒருவருக்கு இந்தப் பகுதி ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் சுத்தமாகிவிடும்.

நுண்ணறைகளில் சிலியா கிடையாது. ஆக்சிஜன் புகவேண்டிய இடத்தில் சளி பூசி வைக்க முடியாதல்லவா. அங்கே காவல் இருப்பது விழுங்கும் செல்கள். சில மணி நேரத்துக்குள் துகளை விழுங்கிவிடும். ஆனால் அதைச் சுமந்துகொண்டு சிலியா இருக்கும் எல்லைக்கு ஊர்ந்து வர மாதங்கள், வருடங்கள் பிடிக்கும். கரையாத கரி என்றால் ஒரு பங்கு திரும்பி வருவதே இல்லை. திசுவுக்குள்ளோ பக்கத்து நிணநீர் முடிச்சுகளிலோ தங்கிவிடுகிறது. பச்சைக் குழந்தையின் நுரையீரல் இளஞ்சிவப்பாக இருக்கும். நகரத்தில் வயதானவர்களின் நுரையீரலைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், புகைக்காதவர்களுக்குக்கூடச் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளி விழுந்திருக்கும். 1979-ல் அமெரிக்காவில் சிலரைத் தீங்கில்லாத இரும்புத் துகளைச் சுவாசிக்க வைத்து, காந்தக் கருவியால் மாதக்கணக்கில் அளந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் புகைக்காதவர்களிடம் மீதி இருந்தது பத்தில் ஒரு பங்கு, புகைப்பவர்களிடம் பாதி. சோதனைக்கு உட்பட்டவர்கள் கொஞ்சப்பேர்தான் என்றாலும், புகை தூசியைக் கொண்டுவருவதோடு துப்புரவு செய்பவர்களையும் முடக்கிவிடுகிறது என்பதை அது தெளிவாகக் காட்டியது.

பிராங்கோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை மூச்சுக்குழலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்யும்போது நான் இதை நேரில் பார்க்கிறேன். நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்த பெண்கள், ஒரு பீடியைக்கூடத் தொடாதவர்கள், தீராத இருமலோடு வருவார்கள். குழாயை உள்ளே விட்டால் கிளை பிரியும் இடங்களில் மை தெளித்த மாதிரி கறுப்புத் திட்டுகள், சிலருக்கு அந்த இடமே சுருங்கிப் போயிருக்கும். முதல் தடவை பார்த்தபோது புற்றுநோயோ என்று பயந்துவிட்டேன். அந்த அம்மா அரை மயக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போதும் அப்படி ஒருவரைப் பார்த்தால் மனது கனத்துவிடுகிறது.

வெல்லம் பற்றி. சிமெண்ட், பஞ்சாலை, குவாரித் தொழிலாளர்களிடம் இந்தப் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது, அதைக் கேலி செய்ய மாட்டேன். 1994-ல் லக்னோவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றும் உண்டு. நுரையீரலில் நிலக்கரித் தூசி போட்ட எலிகளுக்கு வெல்லம் கொடுத்தபோது தூசி விலகுவது கூடியதாகச் சொன்னார்கள். மனிதர்களிடம் அப்படி நிரூபணமாகவில்லை. நாம் சாப்பிடுவது உணவுக்குழாயில் இறங்குகிறது, மூச்சுக்குழலைத் தொடுவதே இல்லை. தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும். நுண்ணறையில் படிந்த கரியை அது கழுவிக் கொண்டுவரும் என்று நம்பி ஜன்னலைச் சாத்தாதீர்கள்.

இதுவரை சொன்ன பாதை, படிதல், திரும்பி வருதல் ஆகியவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. இதற்கு அப்பால் ஆராய்ச்சியாளர்களே உறுதியாகப் பேசுவதில்லை. மிகமிகச் சின்னத் துகள்கள் நுண்ணறைச் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்குமா? 2017-ல் வெளியான ஆய்வில் தன்னார்வலர்கள் தங்க நுண்துகள்களைச் சுவாசித்தபிறகு, அது ரத்தத்திலும் சிறுநீரிலும் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. அது தங்கம், சுருள்புகைக்கும் அதே அளவு பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. நுண்துகள் மாரடைப்பைக் கூட்டுகிறது என்பது உறுதி. துகளே போய்ச் செய்கிறதா, நுரையீரலில் எழும் அழற்சி செய்கிறதா என்பதில்தான் வாதம். மோப்ப நரம்பு வழியாக மூளைக்குப் போவது எலிகளில் காட்டப்பட்டிருக்கிறது. மனிதரில் அது இன்னும் ஊகம்.

குறைத்தால் உடனே பலன் தெரியுமா என்பதும் அவ்வளவு எளிதில்லை. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் விறகடுப்புக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 3200 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி நம் தமிழ்நாட்டில்தான், விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 2022-ல் வந்த முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இதனால் புகை நல்லது என்று ஆகாது. பல வருடம் படிந்தது சில மாதத்தில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் வேறு விளக்கமும் தருகிறார்கள்.

உங்கள் குழந்தைக்குப் பாதிப்பு இருக்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்காமல் சொல்லவும் கூடாது. நான்கு வயதில் நுரையீரல் வளர்ந்துகொண்டிருக்கிறது; எடைக்குத் தக்கபடி பார்த்தால் உங்களைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறாள். ராத்திரியில் இருமல், மூச்சில் விசில் சத்தம், விளையாடும்போது சீக்கிரம் இளைப்பு இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் புகைதான் காரணம் என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை இலவசம்.

கொசுவைச் சும்மா விடச் சொல்ல மாட்டேன், டெங்கு வந்த குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு வலை அடித்துத் திறந்து வையுங்கள். சுருள் ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் சாயங்காலம் யாரும் இல்லாதபோது ஏற்றி, அணைத்து, அரை மணி நேரமாவது காற்றோட விட்டுப் பிறகு படுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது என்பதால் குழந்தையின் மதியத் தூக்கத்துக்கும் கொசுவலை வேண்டும். வாங்கும்போது நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகும் அளவுக்கு நீளம் இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து வாங்குங்கள்.